ஆறாம் எண் வால்வு

கால்வே நகரத்து மழைக்குத் திசை கிடையாது.
குடையை நம்புவதை முதல் வருஷமே விட்டேன்.
பார்க்மோர் பேருந்தில் ஈரக் கோட்டோடு நின்றபடி
இன்றைய எண்ணை ஊகித்துக்கொண்டே போவேன்:
பதினாறு கோடியைத் தாண்டியிருக்குமா?

சோதனை அறையில் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள்.
ஒவ்வொன்றிலும் உடல் சூட்டில் உப்புநீர்,
ஓர் இதய வால்வு.
இதயம்தான் இல்லை.
நொடிக்குப் பதினைந்து தடவை
திறந்து மூடி, திறந்து மூடி
யாரும் வாழாத வாழ்க்கையை
அவசர அவசரமாக வாழ்ந்து தீர்க்கின்றன.
எனக்கு நான்கு மாதம், அவற்றுக்கு நான்கு வருஷம்.
கதவைத் திறந்தால் தையல் மெஷின் சத்தம்.
இல்லை, தையல் மெஷின் நடுவில் நின்று
நூல் கோக்க இடம் கொடுக்கும்.

வேலைக்கான நேர்காணலில் கேட்டார்கள்,
ஏன் உயிர்மருத்துவப் பொறியியல்?
உயிர்களைக் காப்பாற்ற, என்றேன்.
இருபத்திரண்டு வயது, இரவல் வாங்கிய காலணி.
மூவரும் குனிந்து எதையோ எழுதினார்கள்.
காப்பாற்றுவது என்றால்
எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருப்பது என
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூடப் படித்த சோரகா டாக்டரானாள்.
அவளுக்கு சாக்லேட் பெட்டிகள் வருகின்றன,
குழந்தைகளுக்கு அவள் பெயர் வைக்கிறார்கள்.
எனக்குப் படிவம். ஏழாம் பதிப்பு.
கறுப்பு மை மட்டும். பிழையை அடிக்க ஒரே கோடு,
பக்கத்தில் கையெழுத்து, தேதி.
அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை.
சிமிட்டும் விளக்கின் அடியில்
ஆறாம் குழாயின் மூன்று இதழ்களில் ஒன்று
மூட மறந்து தொங்கியது.
பதினாறு கோடியே பத்து லட்சம்.
யாருடைய மார்பிலும் இல்லை, நல்லவேளை.
ஆனாலும் கை நடுங்கியது.

ஹலீனா தைத்த வால்வு அது.
லூப்ளினில் மணப்பெண் உடை தைத்தவள்
இங்கே நுண்ணோக்கிக்கு அடியில்
மாட்டின் இதயத்தைச் சுற்றியிருந்த மெல்லிய பையை
இதழ் இதழாகக் கோக்கிறாள்.
ஒரு வால்வுக்கு ஒன்றரை நாள்.

"தையல் கோளாறு என்று போடு, டெர்வ்லா.
ஒரு வரி போதும்," என்றார் ஃபிண்டன்.
கெட்டவர் இல்லை.
ஆகஸ்ட் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

அன்றிரவு கிழிசலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தையல் எறும்புச் சாரைபோல் போனது, ஒன்றும் விலகவில்லை.
கிழிசல் தொடங்கியது ஊசித்துளையில்.
துளை இருந்த இடம் விளிம்புக்கு மிக அருகில்.
அந்த இடத்தை ஹலீனா தேர்ந்தெடுக்கவில்லை.
வரைபடம் சொன்னது, அவள் குத்தினாள்.
வரைபடத்தின் கீழ்மூலைக்குப் போனேன்.
மூன்று வருஷத்துக்கு முந்தைய என் கையெழுத்து,
முதலெழுத்தில் அநாவசியமாக ஒரு சுழி.

மற்றப் பதினொன்றும் ஓடிக்கொண்டிருந்தன,
எல்லாம் அதே வரைபடம்.

எழுதினேன். காரணம்: வடிவமைப்பு.
பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர்,
இந்த முறை சுழி இல்லாமல்.
ஃபிண்டன் படித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி படித்தார்.
ஆகஸ்ட் பிப்ரவரி ஆயிற்று.

உணவறையில் ஹலீனா பீட்ரூட்டைத் தள்ளிவைத்துக் கேட்டாள்,
"ஆறு செத்துப்போச்சாமே?"
"ஆமாம்."
"யார் வேலை?"
"என் வேலை."
அவள் சிரிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.
"காட்டு," என்று கையை நீட்டினாள்.

புதிய வரைபடத்தை
மழை வழியும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு மூன்றாம் துளைமேல் விரல்நகத்தை வைத்து,
"இங்கே என் ஊசி திரும்பாது," என்றாள்.

நான் ரப்பரை எடுத்தேன்.