வாங்கிக்கிட்டதுக்கு

உப்பனாற்றைத் தாண்ட ஆளுக்குப் பத்து ரூபாய்.
செல்வி இருநூறாக நீட்டினாள்.
படகுக்காரர் லுங்கி மடிப்பை அவிழ்த்துச் சில்லறை தேடி
வரும்போது தருகிறேன் என்றார்.
வைத்துக்கொள்ளச் சொல் என்றாள் அவள், வழக்கம்போல.
நார்வேயில் அவள் பெயர் சொல்வி.
சோனங்குப்பத்துப் பிள்ளைகள்
முதல் நாளே அதைத் திருத்திவிட்டார்கள்.

எனக்கு நாளுக்கு எழுநூறு, மதியச் சாப்பாடு தனி.
அவள் வாயிலிருந்து வருவதை
நம் வாய்க்கு மாற்றுவது வேலை.
விசுவாசமா என்று அவர்கள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

வலைக் கொட்டகையில் கதை.
ஐயாயிரம் பேர் பசித்த சாயங்காலம்,
ஒரு பையனிடம் அப்பம் ஐந்து, மீன் இரண்டு.
எல்லாரும் தின்றபிறகு பன்னிரண்டு கூடை மிச்சம்.
புவியரசு கையைத் தூக்கினான்:
என்ன மீன்க்கா? சங்கராவா?
சிரிப்பு அடங்கியதும் அவன் தங்கச்சி தர்ஷினி,
சிரிக்காமல்:
மீன் அவனோடதுதானே.
கூடையில அவனுக்கு எத்தனை பங்கு?

மாற்றிச் சொன்னேன்.
செல்வி ஒரு பக்கம் புரட்டினாள்,
திரும்பிப் புரட்டினாள்.
எழுதலையாம், என்றேன்.
அவன் பேரு?
அதுவும் எழுதலையாம்.
பிள்ளைகள் அதை மன்னித்த மாதிரி தெரியவில்லை.

பிறகு அட்டைப்பெட்டியைப் பிரித்தோம்.
கலர் பென்சில், பெட்டிக்குப் பன்னிரண்டு.
பெட்டி பதினேழு. தலை இருபத்து மூன்று.
செல்வியின் காது சிவந்துவிட்டது,
பட்டியலில் பதினேழு என்றுதான் இருக்கிறது, பார் என்று
என்னிடம் காட்டுகிறாள்.
அதற்குள் மணலில் கொட்டியாகிவிட்டது எல்லாவற்றையும்.
படக். படக்.
முழங்காலில் வைத்து ஒடிக்கிறார்கள், புதுப் பென்சிலை!
அடேய் என்று நான் போட்ட சத்தத்தை
யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஒருத்தரும் நிமிரவில்லை.
துறைமுகத்தில் மீனைக் கூறு போடுகிற மாதிரி
எல்லாக் கலரும் எல்லாக் கூறிலும்.
ஆளுக்கு ஒன்று.
பெரியாஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடக்கிற மோனிஷுக்கு ஒன்று,
கடலுக்கு வரமுடியாதவன் வீட்டிலும்
உலை வைத்தாக வேண்டுமே.
அக்காக்கள் ரெண்டு பேருக்கும் ஒவ்வொன்று.
மீந்தது வலைப்பங்கு என்றான் புவியரசு,
அதை யார் வைத்துக்கொள்வது என்று
கொஞ்ச நேரம் அடிதடி.

செல்வி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
கொண்டுவந்தவள் எப்படி வாங்குவாள்?
வேண்டாம், வேண்டாம், தலையாட்டினாள்.
தர்ஷினி நீட்டிய கை நீட்டியபடியே.
எனக்கே தோள் வலிக்கிற அளவு நேரம்.
கடைசியில் அவள் குனிந்து வாங்கியதும்
காலையில் நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில்
தர்ஷினி சொன்னாள்:
வாங்கிக்கிட்டதுக்குத் தாங்க்ஸ்க்கா.

பிள்ளைக்கு வாய் குழறிவிட்டது என்று நினைத்து
கொடுத்ததற்கு நன்றி என்கிறாள் என்று
திருத்தி மாற்றினேன்.
எழுநூறு ரூபாய்க்கு அவ்வளவு உதவி செய்யலாம்.

திரும்பும்போது வற்றம். படகு இரண்டு இடத்தில் தரை தட்டியது.
டீசல் நாற்றம், கருவாட்டு நாற்றம்,
எதிர்க்கரையில் ஐஸ் ஃபேக்டரி விளக்கு.
அவள் மடியில் பன்னிரண்டு துண்டு.
காலையில் நான் சொன்னது தப்பு என்றேன்.
சரியானதைச் சொன்னேன்,
ஒவ்வொரு சொல்லாக.
அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் படகுக்காரர் மறக்காமல்
போக வர நாற்பது கழித்து
நூற்று அறுபதை நீட்டினார், எல்லாம் கசங்கிய பத்துகள்.
நான் 'வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல
வாயைத் திறந்தேன், பழக்கத்தில்.
செல்வி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்றைய வவுச்சரில்
என் கூறிலிருந்த பச்சைத் துண்டால் கையெழுத்துப் போட்டேன்.
பென்சில் செல்லாது என்றார் ஆபீசில்.