கறுப்பு டேப்

ஞாயிறு மதியம் நீ நைட் ஷிஃப்ட் தூக்கத்தில் இருந்தாய்.
ஆயில் குறைஞ்சிருக்கு, நானே ஊத்தறேன், நீ தொடாதே
என்று நீ சொல்லி மூன்று வாரம்.

பேஸ்மென்ட்டில் வாட்ச்மேன் டார்ச் பிடிக்க
பழைய காலண்டரின் மார்ச் மாதத்தைக் கிழித்து
புனலாகச் சுருட்டி அரை லிட்டர் ஊற்றினேன்.
அவசரமே இல்லாமல் இறங்கியது.
டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவி
இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எண்ணெய் நிற்பதைப் பார்த்தேன்.
ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.
அந்தக் கர்வத்தை யாரிடம் சொல்வது?
வாட்ச்மேனிடம் சொன்னேன். அவன் டார்ச்சை அணைத்தான்.

திங்கள் காலை
சில்க் போர்டு சிக்னலில் நூற்றெழுபது நொடி மிச்சமிருக்கும்போது
எரிந்தது.
ஆரஞ்சு நிறம். சுண்டுவிரல் நகம் அளவு.
என்ஜினாம் அது. எனக்கென்னவோ
மூக்கு நீண்ட குழாய் மாதிரி,
இல்லை, தலையை எங்கோ தொலைத்த கோழி மாதிரி.

முதலில் ஏசியை அணைத்தேன்.
அப்புறம் ரேடியோவை.
அப்புறம், ஏனென்று தெரியவில்லை, செருப்பைக் கழற்றினேன்.
வண்டி லேசாக உதறியது.
உதறியது நானாகவும் இருக்கலாம்.

பொம்மனஹள்ளி மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் இலியாஸ்
பானெட்டைத் திறந்ததும் கேட்டான்:
ஆயில் யாரு ஹாக்கித்து மேடம்?
பங்க்கில் என்றேன்.
பங்க் பசங்களை மூன்று பாஷையில் திட்டினான்.
நானும் அவனோடு சேர்ந்து தலையாட்டினேன்.

டிப்ஸ்டிக்
ஒரு விரல்கடை மேலே எழும்பி நின்றது.
கட்டைவிரலால் அழுத்தினான்.
டக்.
அவ்வளவுதான்.
அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று
உள்ளே போயிருக்கிறது.

லைட்டு?
அது உடனே போகாது மேடம்.
ரெண்டு மூணு நாள் ஓடட்டும்.
சரியாயிடுச்சுன்னு அதுவா நம்பணும்.
காசு வேண்டாம் என்றவன்
வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

ஏழரைக்கு நான் வருவேன், எட்டுக்கு நீ போவாய்.
அந்த அரை மணிக்குள்
சப்பாத்தி, கரண்ட் பில், உன் அம்மாவின் பிரஷர் மாத்திரை.
லைட்டைப் பற்றிச் சொல்ல நேரமில்லை
என்று எழுதத்தான் நினைத்தேன்.
நேரம் இருந்தது. நீ ஷூ லேஸ் கட்டும்வரை
பக்கத்திலேயே நின்றேன்.

செவ்வாய் காலை
சீட் உன் கால் நீளத்துக்குப் பின்னால் போயிருந்தது.
கண்ணாடி எனக்குக் கூரையைக் காட்டியது.
மீட்டரில், கோழி இருந்த இடத்தில்
கறுப்பு இன்சுலேஷன் டேப்.
கத்தரிக்கோலால் நறுக்கிய ஒழுங்கான சதுரம்.

நான் பயப்படக்கூடாதென்றா?
பெல்லந்தூர்ப் பள்ளத்தில் இறக்கியதைச்
சொல்லாமல் விட்டதற்கா?
ராத்திரி ரோட்டில் கண்ணை உறுத்தியதா, அவ்வளவுதானா?
கேட்கலாம்.
கேட்டால் நானும் காலண்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

புதன், வியாழன்
டேப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.
விளக்கைவிட அதுதான் அதிகம் எரிந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி
எங்கள் பேஸ்மென்ட்டில் என்ஜினை அணைக்காமல்
நகத்தால் ஓரத்தைக் கிள்ளி உரித்தேன்.
உள்ளே இருட்டு.
எப்போது அணைந்ததோ, நீயும் பார்க்கவில்லை.
புதனாக இருக்கலாம். மழையில் மடிவாளாவில்
ஒரு மணி நேரம் நின்றேனே, அப்போதுகூட இருக்கலாம்.

டேப்பை அதே இடத்தில் திரும்ப ஒட்டினேன்.
ஒரு மூலை மட்டும் படியவில்லை.
எச்சில் தொட்டு அழுத்தினேன், எழும்பியது.
அழுத்தினேன், எழும்பியது.
எட்டு மணிக்கு நீ உட்காரும்போது
கண்ணில் படும்.

படட்டும்.
சீட்டை உன் அளவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு
இறங்கினேன்.