உள்ளூர் எண்

சயான் கோலிவாடாவில் மூன்றாம் மாடி.
ஒரே ஜன்னல், அதற்கும் அட்டை ஒட்டியாகிவிட்டது.
மேசைமேல் ஷூ டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி.
முப்பத்திரண்டு துளை, முப்பத்திரண்டு சிம்,
எல்லாம் யார்யார் பெயரிலோ.
ஏழாவது, ரேஷன் கார்டில் மட்டும்
இன்னும் உயிரோடிருக்கும் ஒருவர் பெயரில்.

கிரித் பாய் மாதம் எட்டாயிரம் தருகிறார்.
பச்சை எரிந்தால் சும்மா இரு.
சிவப்பு எரிந்தால் சிம்மை மாற்று.
கதவு தட்டினால் பெட்டியைக் கோணியில் போட்டுக்கொண்டு
பின்படியில் இறங்கு.
இவ்வளவுதான் வேலை.

நிமிடங்களை விற்கிறார்கள், தெரியுமா,
தக்காளியைப் போல, அழுகுவதற்குள்.
ஹூஸ்டன் துறைமுகத்தில் ஒரு கடை, ஐந்து டாலர் கார்டு,
அட்டையில் தாஜ்மகால், சுரண்டினால் எண்.
கார்டுக்காரன் ஒரு கம்பெனியிடம் வாங்கினான்,
அந்தக் கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியிடம்,
அது நியூ ஜெர்சியில் பலகை மாட்டாத ஒருவனிடம்,
அவன் ஹாங்காங்கிலோ எங்கோ.
ஆளாளுக்கு அரை சென்ட் கிள்ளிக்கொண்டது போக
குரல் மட்டும் என் மேசைக்கு வந்து சேரும்.
அழைத்தவன் எண் வழியிலேயே உதிர்ந்திருக்கும்.
பெட்டி தன் சிம் ஒன்றைத் தொட்டு
உள்ளூர் அழைப்பாக அனுப்பிவைக்கும்.
கப்பலில் இருப்பவன் பேசுவான்,
அவள் திரையில் பக்கத்துத் தெரு எண்.

நான் ஒட்டுக்கேட்டதில்லை.
பச்சை விளக்குக்குக் காது கிடையாது.

திருப்பி அழைப்பவர்கள்தான் தொல்லை.
பெட்டி எடுக்காது, அவர்களும் விட மாட்டார்கள்.
ஒரு சனிக்கிழமை ஏழாவது சிவந்தது.
பாக்கி பார்க்கக் கழற்றி என் நோக்கியாவில் போட்டேன்.
போட்ட கையோடு அடித்தது.

"யாரு பேசுதிய? இது அவுக பேசுன நம்பர்லா?"
பின்னால் தாராவி, பிரஷர் குக்கர், யாரோ ஒரு குழந்தை.
ராங் நம்பர் என்று வாயைத் திறப்பதற்குள்,
"ஜெபக்கனி பேசுதேன். நேத்து பாதியில கட்டாயிட்டு.
சம்பளம் பூராவும் வாங்கியாச்சுன்னு
ஏஜெண்ட் ஒரு பேப்பரு கொண்டாந்தான், நான் கையெழுத்துப் போடல.
அவுகளையும் போடவேண்டாம்னு சொல்லிருங்க.
ஏசுவடியான்னு கேட்டா கப்பல்ல எல்லாருக்கும் தெரியும்."

கார்டில் இருநூறு நிமிடம் என்று அச்சிட்டிருக்கும்.
எழுபதில் தீர்ந்துவிடும்.
மிச்சத்தைத் தின்றவர்கள் யாரென்று
அவர்களுக்குள் கணக்கு இருக்கும்.

என் பெட்டிக்கு வரும் வழி உண்டு.
அவனிடம் போகும் வழி இல்லை.
"சொல்லிடறேன்க்கா" என்றேன்.

கிரித் பாயிடம் ஏழாம் துளை பழுது என்றேன்.
பத்து ரூபாய் ரீசார்ஜ், என் காசு.
அந்த சிம்மைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
இந்த எண்ணை அவன் பார்த்ததே இல்லை,
பார்க்கப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டாம் நாள் அடித்தது.
"பேசிட்டாவ! கையெழுத்துப் போடலயாம்.
நீங்க சொல்லிட்டியளோன்னு கேட்டேன்,
யாரு சொல்லன்னு என்னையே கேக்காவ.
இந்த நம்பர் இல்ல, வேற நம்பர்லருந்து வந்தாவ."

எந்த நம்பர் என்றேன்.
கோயிலில் பாட்டு எண் வாசிப்பதுபோல்
இரண்டிரண்டாக வாசித்தாள்.
பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.
பத்தொன்பதாவது துளை.
பச்சை. இப்போது வேறு யாருடைய பேச்சோ.

"சரி, காசு ஓடுது, வச்சிருதேன்."

நாற்பது வினாடி.
அவள் ரூபாய், ஒரே கம்பெனி,
தாராவியிலிருந்து கோலிவாடா வரைக்கும்.
நடந்தே வந்து சொல்லியிருக்கலாம்,
வீடு தெரிந்திருந்தால்.

இருபத்துமூன்றாவது சிவந்தது.
எழுந்தேன்.