இருபத்தெட்டுத் தசம் இரண்டு

முதல் வேலை, ஸ்பீக்கர் வயரைக் கழற்றுவது.
இஸ்ஸதீனுக்கு அதுவே பிடிக்கவில்லை.
"சத்தம் கூட்டத்தான் வந்த நான்,
நீ இருக்கிற சத்தத்தையும் அறுக்கிறாய்."

கல்முனை, பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டொல்பின் வேன் கதவு திறந்து கிடக்கிறது.
பின்சீட்டுக்கு அடியில் அம்ப்,
அதன் விலாவில் மிளகளவு ஒரு திருகு.

பேஸ் பூஸ்ட் பூச்சியம்.
ஈக்குவலைசரில் எல்லாக் கோடும் நடுவில்.
செட்டின் வொலியூம் நாற்பதில் முப்பது.
பெண்ட்ரைவில் ஐம்பது ஹேர்ட்ஸ் தொனி ஒன்று
யாருக்கும் கேட்காமல் ஓடுகிறது.
மீட்டரின் இரண்டு முனையையும்
அம்பின் வாயில் வைத்திருக்கிறேன்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

இருநூறு வாட், நாலு ஓம்.
பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்
இருபத்தெட்டுத் தசம் இரண்டு.
சாதாரண தரத்தில் கணிதம் எனக்கு எஸ்தான்.
இந்த ஒரு வர்க்கமூலம்
கடை வாடகை கட்டுகிறது.

திருகுகிறேன்.
பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு.
"கேக்கல்லயே மச்சான்."
கேட்காது.
இது சத்தம் கூட்டுகிற திருகு இல்லை.
செட் எவ்வளவு மெல்லப் பேசுகிறதோ
அதற்கு அம்ப் எவ்வளவு காது கொடுக்க வேண்டும்
என்பதற்கான திருகு.
மிஞ்சினால் அலையின் தலை மட்டமாகிவிடும்,
மட்டப்பலகை இழுத்த சீமெந்து போல.
அந்த மட்டத்தில்தான் கொயில் வேகும்.

அவனுக்கு வேறு கணக்கு.
சனிக்கிழமை நுவரெலியா, பதினாலு பொடியன்கள்.
போன ட்ரிப்பில் மருதமுனை வேன் ஒன்று
இவனை முந்திப் போனபோது
இவனுடைய கண்ணாடி அதிர்ந்ததாம்.

இருபத்தெட்டுத் தசம் இரண்டு.
கையெடுத்தேன்.
பக்கத்துப் பென்சிக் கடையில் வாங்கிய
சிவப்பு நெயில் பொலிஷ்
திருகின் தலையையும் அம்பின் தோலையும் சேர்த்து
ஒரு சொட்டு.
காய ஊதினேன்.
பிறகுதான் ஸ்பீக்கர் வயர்.

திங்கள், கடை திறக்கமுன் வந்து நிற்கிறான்.
வேனுக்குள் வெந்த வார்னிஷ் மணம்.
"ஒரு விரலும் வைக்கல்ல மச்சான்."

குனிந்து பார்த்தேன்.
சிவப்பு இரண்டாகப் பிளந்து
ஒரு பாதி பத்து மணியைப் பார்த்தது,
மற்றப் பாதி மூன்று மணியை.

புதுக் கொயில் பன்னிரண்டாயிரம் என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன்.

இந்த முறை டோர்ச் பிடித்தது அவன்தான்.
மீட்டருக்குள் தலையே போய்விடும் போலக் குனிந்து
"எத்தினையில நிக்குது?" என்றான்.

வெள்ளிக்கிழமை கண்டிக்கு ட்ரிப் இருக்கிறதாம்.