ஆடுகிற கல்

பெரிய வியாழன். பின்னேரம் நாலு மணிக்கே
கஸ்தெல்மூரோவில் ரோமர்கள் இறங்கிவிட்டார்கள்.
ஒருவன் ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வங்கி இயந்திரத்தில் இரகசிய எண்ணை அழுத்துகிறான்.
இன்னொருவன் தலைக்கவசத்தைக் கழற்றி
அதற்குள் சிகரெட் சாம்பலைத் தட்டுகிறான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நிலத்தில் தட்டினால்தான் என் கணக்கில் வரும்.

ஆறு நாளாய் இதே வேலை.
வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து
தெருவுக்குக் குறுக்கே துணிச் சித்திரங்களை மாட்டினோம்.
எண்ணெயும் மெழுகும் ஊறிய பழந்துணி, உள்ளே விளக்கு.
பகலில் பார்த்தால் காயப்போட்ட சாக்கு.
இருட்டினால்
யூதாசின் கையில் காசு மினுங்கும்.
எத்தோரே ஏணியைப் பிடிக்க நான்தான் ஏறினேன்.
பிலாத்துவின் மூக்கை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த சைவக்காரன்
இந்த ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டான்.
மூக்கில் சிலந்தி வலை. துடைத்துவிட்டேன்.

எட்டரைக்குத் தெருவிளக்குகளை அணைத்தார்கள்.
மலை சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது.
முதலில் எக்காளம், பிறகு குளம்பொலி.
எல்லைக்கு அப்பால், இத்தாலியிலிருந்து
வாடகைக்கு வந்த குதிரைகள்.
சுங்கத்தில் காத்துநின்ற கடுப்போ என்னவோ,
ஏரோதின் வெள்ளைக் குதிரை
தேவாலயப் படிக்கு நேரே
ஆறுதலாக நின்று காரியத்தை முடித்தது.

குதிரைகளுக்குப் பின்னால் நான்:
செம்மஞ்சள் உடுப்பு, தள்ளுவண்டி, தும்புத்தடி.
பிள்ளைகள் எனக்குத்தான் கூடக் கைதட்டுகிறார்கள்.
எனக்குப் பின்னால் சிலுவை வருகிறது.
அவர் வெறுங்காலோடு வருவார்,
அதற்காகத்தான் என்னை முன்னால் விட்டிருக்கிறார்கள்.

யார் அவர் என்று சொல்லக்கூடாது. ஊர்வழக்கம்.
ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நீரூற்றடியில் ஒருமுறை விழுந்தார்.
தபாற்கந்தோர் வாசலில் இன்னொருமுறை.
இரண்டும் ஒத்திகை பார்த்த விழுகை,
முழங்காலுக்குள் பஞ்சு வைத்ததுபோல் மெதுவாக.
மூன்றாவது, மணிக்கூண்டுக்குக் கீழே என்று ஏற்பாடு.
ஆனால் அதற்கு முன்னால்
திசியானாவின் வெதுப்பகம் வருகிறது.
வெதுப்பகத்துக்கு முன், நாலாவது வரிசையில்,
ஆடுகிற ஒரு கல் இருக்கிறது.
மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன், படிவம் ஏழில்.
“உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு” என்று முத்திரை குத்தி
மூன்று தரமும் திரும்பி வந்தது.

படார்.
திரும்பிப் பார்த்தேன்.
சிலுவை தோளுக்கு மேல், முகம் கல்லுக்குப் பக்கத்தில்.
பெண்கள் நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டார்கள்.
“இந்த வருஷம் நல்லாச் செய்யிறான்” என்றது
பால்கனியில் ஒரு குரல்.
வாரை ஓங்கியவன், பகலில் காப்புறுதி முகவர்,
ஓங்கியபடியே நின்றான்.
முழங்காலில் வழிந்த சிவப்பு
பூசியதல்ல என்று எனக்குத் தெரியும்,
கல்லுக்கும் தெரியும்.
தும்புத்தடியைப் போட்டுவிட்டுப் போனேன்.
கை பாதித் தூரத்தில் நின்றுவிட்டது.
குதிரைச் சாணி மணக்கிற கை.
அவர் என்னைப் பார்த்து
வேண்டாம் என்பதுபோல் இமையை மட்டும் அசைத்து
தானாக எழுந்தார்.
மணிக்கூண்டுக்குக் கீழே விழவேயில்லை.

மறுநாள் இருமல் மிட்டாய் வாங்கப் போனேன்.
மருந்துக்கடைக்காரர் நொண்டினார்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“எத்தனையாவது வரிசை?”
“நாலு.”
“திருத்தப் போகிறாயா?”
“உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு.”
வாசலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார்.
“பதினொரு வருஷம் விழுவதுபோல் செய்தேன்.
நேற்றுத்தான் விழுந்தேன்.”
மிட்டாய்க்குப் பாதிக் காசுதான் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை கல்லைப் பெயர்த்தேன்.
அடியில் ஈர மணல், ஒரு சோடா மூடி.
புது மணல் போட்டு, மட்டம் பார்த்து,
ரப்பர்ச் சுத்தியலால் நாலு தட்டு.
திசியானா கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஏறி நின்று பார்த்தேன், ஒரு காலால், இரண்டு காலால்.
அசையவில்லை.

இனி அவர் பாடு.