மூன்றாம் பக்கத்தில் ஒரு சீழ்க்கை

ஷெஃபீல்டில் அந்த ராத்திரியைப் பதிவு செய்தார்கள்,
எழுபத்து மூன்று, பிப்ரவரி.
எள் போட்டால் விழாத கூட்டம் என்பார்கள்.
போனதாகச் சொன்னவர்களை எண்ணினால்
அதே மண்டபம் இன்னும் ஏழு வேண்டும்.

நான் போகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
எனக்குப் பொன்னுக்குவீங்கி.

அக்டோபரில் எல்பி வந்தது, இரட்டைத் தட்டு.
ராய்ஸ்டனும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.
ஒன்றின் முதுகில் நான்காம் பக்கம்,
இரண்டின் முதுகில் மூன்று.
தட்டுகள் தானாக விழும் இயந்திரங்களுக்கான ஏற்பாடு.
எங்களிடம் அது இல்லை.
கச்சேரி நடுவே எழுந்து எழுந்து
புரட்டியும் மாற்றியுமே போனது வாலிபம்.

மூன்றாம் பக்கத்தில்
டிரம்ஸ்காரன் பதினாலு நிமிடம்
தகரக் கூரைமேல் ஆலங்கட்டி கொட்டுவான்.
நிறுத்துவான்.
கைதட்டல் கிளம்புமுன், அந்த ஒரு மூச்சில்,
ஒரு சீழ்க்கை:
கண்ணாடிமேல் வைரம் இழுத்தாற்போல்.

'அது நான்தான்' என்பான் ராய்ஸ்டன்.
கேட்காமலே சொல்வான்.
பப்பில், பஸ்ஸில், தன் கல்யாணத்தில், பல் டாக்டரிடம்.
பால்கனியின் இரண்டாம் வரிசை,
பக்கத்தில் ஒருத்தன் கோட்டில் ஈர நாய் வாடை,
முழங்கையில் யாரோ கொட்டிய பீர்.

பிற்பாடு குறுந்தகடாக வந்தபோது
இருமல்களோடு அதையும் துடைத்துவிட்டார்கள்.
'என்னை அழித்துவிட்டீர்கள்' என்று
கம்பெனிக்கு மூன்று பக்கம் எழுதினான்.
பதிலுக்கு ஒரு சாவி வளையம் வந்தது.

போன மார்ச்சில் அவனை எரித்துவிட்டு
வீட்டுக்கு வந்தோம். ஹாம் சாண்ட்விச், ஷெர்ரி,
யாரும் உட்காராத அவன் நாற்காலி.
நோரீன் இரண்டாம் தட்டை உருவி எடுத்தாள்.
உறைமேல் டீ கோப்பை வட்டம்;
அது என் கைங்கரியம்.
ஊசி இறங்கியது.

'அவர் போகவே இல்லை' என்றாள்.
'உருட்டாலையில் மாற்றாள் வரவில்லை, இரட்டை ஷிப்ட்.
கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்,
பெயர்கூடத் தெரியாது,
டிக்கெட்டை ஜன்னல் வழியே நீட்டினார்.'

அந்த ஈர நாய்?
'நான் சொன்னது.'
பீர்?
'என் முழங்கை.'

ஐம்பது வருஷம் எப்படிச் சும்மா இருந்தாய் என்றேன்.
'என்ன அழகாய்ச் சொல்வார்!
நான் சொன்னால் வெறுமே ஒரு வியாழக்கிழமை.'

பிறகு பல்செட்டைக் கழற்றிச் சாஸரில் வைத்தாள்.
இரு விரல் மடக்கி நாக்கடியில் கொடுத்து
ஊதினாள்.
காற்று.
இன்னொரு முறை, வெறும் காற்று.
அவன் தம்பி வேறெங்கோ பார்த்தான்.

ஆலங்கட்டி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.
ஈர விரலைத் தூக்கிக்
காட்டினாள் எங்களுக்கு:
யாரும் இருமாதீர்கள்,
இதோ நிறுத்தப்போகிறான்.