சின்னத் தவளை

ஜெரோம்,
காய்ச்சல் மாத்திரை உறைக்குள் மடித்து நீ அனுப்பியது
ஐம்பத்து மூன்று விதை.
கணக்கு எழுதுகிறவள் கை,
எண்ணாமல் எதையும் உள்ளே வைக்காது.
மேலே உன் கோணல் எழுத்து:
டிராஸ். பனி உருகுற ஓரம். மஞ்சள். சாறு பட்டால் எரியும்.

பாம்பனில் இதை எங்கே வைக்க?
பனைக்கும் பனிக்கும் ஓரெழுத்துதான் தூரம்
காகிதத்தில்.

ஐஸ் பிளாண்டில் வைத்தேன்.
உப்புநீர்த் தொட்டிக்குப் பின்னால்
அமோனியாக் குழாய் வெள்ளை பூத்து நிற்கும் மூலையில்
இறால் வந்த தெர்மோகோல் பெட்டி.
கடல் மணல் ஆகாதென்று
ஜல்லித்தூளை ஏழு தண்ணீர் அலசிப் போட்டேன்.
தண்ணீர்தான் பெரும்பாடு.
போர் தண்ணீர் உவர். கேன் முப்பத்தைந்து ரூபாய்.
ஒருநாள் கிரஷருக்குப் போகும் பாரை உற்றுப் பார்த்தேன்:
ஓரமெல்லாம் கண்ணாடி, நடு மட்டும் பால்வெள்ளை.
உறையும்போது தண்ணீர்
தன் உப்பையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு
வெளியே யோக்கியமாக நிற்கிறது,
நம் சித்தப்பா மாதிரி.
அந்த ஓரத்தைக் கொத்தி, உருக்கி, ஊற்றினேன்.

முதல் வருஷம் ஒன்றுமில்லை.
"ஜல்லிக்குத் தண்ணி ஊத்துறா" என்றார்
கம்பிரசர் ஓட்டும் வேதமாணிக்கம்.
மறு வருஷம் தையில் மூன்று முளை,
நெத்திலி முள் அளவு.
ஒன்றை எலி கடித்தது. எலிக்கு என்ன ஆனதோ.
ஒன்று தானே கருகியது.

முதலாளி மகள் ருஷ்தா மருந்துப் படிப்பு படிக்கிறவள்,
போனில் தேடிச் சொன்னாள்:
லத்தீனில் இதன் பேருக்குச் சின்னத் தவளை என்று அர்த்தமாம்,
ஈரத்தில் இருப்பதால்.
இந்த ஜில்லாவில் தவளைக்கே
ஐப்பசி வரைக்கும் வேலையில்லை அம்மா என்றேன்.

மூன்றாம் வருஷம், பங்குனிக் கடைசியில்
கொண்டைக்கடலை அளவு ஒரு மொட்டு.

சித்திரை பிறந்த மறுநாள் தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது,
படகு போகாவிட்டால் பார் எதற்கு?
நள்ளிரவில் கம்பிரசரை நிறுத்தினார்கள்.
அந்தச் சத்தம் நின்ற பிறகுதான்
பக்கத்தில் கடல் இருப்பது கேட்டது.
குழாயின் வெள்ளை சொட்டத் தொடங்கியது.
மீன் முட்டையிட வேண்டும், சரி.
அரசாணையில் பூவுக்கு ஒரு வரி இல்லை.

கடைசி நாற்பது பாரை அடுக்கி, உமி கொட்டி,
நடுவில் பெட்டியை வைத்தேன்.
இரவில் எழுந்து போய்ச் சாக்கு மூடினேன்.
சந்து அடைத்தேன். ஒழுகுவதைத் துடைத்தேன்.
பகலில் பார்கள் சோப்புக் கட்டிபோல் மெலிந்தன.
ஆறாம் நாள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.
பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து
சட்டியின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் விரிந்திருந்தது.

மூன்று வருஷமாய் உன் எழுத்தில்
பனியை மட்டும் படித்திருக்கிறேன் ஜெரோம்.
உருகுற என்று எழுதியிருந்தாய்.

ஐந்து இதழ். மஞ்சள் என்றால் போதாது,
படகுக்கு வார்னிஷ் அடித்து
காய்வதற்குள் வெயிலில் பார்த்தால் ஒரு பளபளப்பு, அது.
வலை கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வந்தார்கள்.
பாசி எடுக்கப் போகும் ரோசம்மா
விரலில் சுற்றிய துணியோடு குனிந்து முகர்ந்தாள்.
"வாசனையே இல்லையே. தலையிலயும் வைக்க முடியாது"
என்றாள். போகவுமில்லை,
வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

நான்கு நாள் இருந்தது.
பிறகு இலையும் வாடி மண்ணோடு போய்விட்டது.
வேர் தூங்குகிறதா, செத்ததா, தெரியவில்லை.
வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நாற்பது பாரை எந்தத் தலைப்பில் எழுதுவது?
விற்கவில்லை, உடையவுமில்லை.
உருகியது என்று எழுதி
என் சம்பளத்தில் கழித்துக்கொண்டேன்.

உன்னை ஜெய்சால்மருக்கு மாற்றிவிட்டார்களாமே.
அந்த மணலில் ஏதாவது பூத்தால் விதை அனுப்பாதே.
அனுப்பினால்
எண்ணி அனுப்பு.